கார்டு டெஸ்ட் நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லையா?

மழை நின்று இரண்டு மூன்று வாரம் ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காய்ச்சல் சீசன் தொடங்கிவிடும். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று உறுதியில்லாத ஊர்களில் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் பிடித்து வைக்கத்தான் வேண்டியிருக்கிறது; ஏடிஸ் கொசு முட்டையிட அது தாராளம். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால், இரண்டாம் நாளே சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்பது "டெங்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றுதான். லேபில் ஒரு கார்டு போடுவார்கள், அரை மணி நேரத்தில் முடிவு. நெகட்டிவ் என்றால் வீடு நிம்மதியாகிவிடும். பாசிட்டிவ் என்றால் பிளேட்லெட் எவ்வளவு, சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று பதற்றம்.

அந்த நிம்மதிக்கும் பதற்றத்துக்கும் பல நேரம் அடிப்படை இல்லை. அதே சமயம், கார்டு என்றால் மட்டம், பெரிய ஆய்வகத்தில் செய்யும் பி.சி.ஆர். டெஸ்ட் என்றால் உசத்தி என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் சரியில்லை. காய்ச்சலின் எத்தனையாவது நாளில் எடுத்தோம், முடிவு எப்போது கைக்கு வரும், வந்தால் அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு டெஸ்டின் மதிப்பு தெரியும். இந்த மூன்று கேள்வியும் நம் ஊர்களில் போதுமான அளவு கேட்கப்படுவதில்லை என்பது என் ஆதங்கம்.

முதலில் கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளால் ஆன ஒரு பட்டை. ஒரு முனையில் ரத்தத்தையோ அதிலிருந்து பிரித்த சீரத்தையோ சொட்டு விட்டால் அது பட்டையில் ஊறிக்கொண்டே போகும். வழியில், கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களோடு இணைத்து வைத்த ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்பொருள்கள் இருக்கும். வைரஸின் புரதம் ரத்தத்தில் இருந்தால் அவை அதைப் பற்றிக்கொண்டு நகரும். டி என்று குறித்த இடத்தில் பதிந்திருக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் அந்தக் கூட்டணியைப் பிடித்து நிறுத்திவிடும். தங்கத் துகள்கள் அங்கே குவியக் குவியச் சிவப்புக் கோடு தெரியும். சி என்று குறித்த கோடு, பட்டையும் திரவமும் ஒழுங்காக வேலை செய்தனவா என்று காட்ட மட்டும்தான். சி கோடு வராத கார்டின் முடிவு செல்லாது.

இதில் கவனிக்க வேண்டியது, இருப்பதைப் பெருக்கிக் காட்டும் வேலை கார்டில் கிடையாது. கண்ணுக்குக் கோடு தெரியும் அளவுக்கு வைரஸ் புரதம் அந்தச் சொட்டிலேயே இருந்தாக வேண்டும்.

பி.சி.ஆர். அங்கேதான் வேறுபடுகிறது. அது தேடுவது புரதத்தை அல்ல, வைரஸின் மரபுப் பொருளை. டெங்குவும் கொரோனாவும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள் என்பதால் முதலில் அந்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறார்கள், ஆர்.டி.பி.சி.ஆர். என்ற பெயரில் உள்ள ஆர்.டி. அந்த வேலையைக் குறிப்பது. பிறகு 95 டிகிரி வரை சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியும். 60 டிகிரி அளவுக்கு இறக்கினால் ஒவ்வொரு இழைக்கும் ஒரு புது ஜோடி உருவாகும். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், அடுத்ததில் நான்கு, அப்புறம் எட்டு. 40 சுற்று முடிந்தால் ஒரே ஒரு துண்டு, கணக்குப்படி, ஒரு லட்சம் கோடிக்கு மேல் பெருகியிருக்கும். ஒளிரும் சாயம் எத்தனையாவது சுற்றில் தென்பட்டது என்பதுதான் ரிப்போர்ட்டில் வரும் சி.டி. மதிப்பு. எண் குறைவாக இருந்தால் மாதிரியில் வைரஸ் அதிகம்.

இந்தப் பெருக்கும் சக்திதான் பி.சி.ஆரின் பலம், சுமையும் அதுவே. ஒரு மாதிரியில் பெருகிய துண்டு காற்றில் பரவி அடுத்த மாதிரியில் விழுந்தால் இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். அதனால் கலவை தயாரிக்க ஓர் அறை, ஆர்.என்.ஏ. பிரிக்க ஓர் அறை, பெருக்க ஓர் அறை என்று பிரித்துக் கட்ட வேண்டும். பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். மாதிரி 2 முதல் 8 டிகிரி குளிரில் வந்து சேர வேண்டும். ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும் பொருள். அஞ்செட்டி மலையிலிருந்து ஐஸ் உருகிய டப்பாவில் வந்து சேர்ந்த மாதிரி நெகட்டிவ் காட்டினால் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. மூக்கில் குச்சியைச் சரியாக விடாமல் எடுத்த சளி மாதிரிக்கும் அதே கதிதான்.

இனி நாள் கணக்குக்கு வருவோம். டெங்குவில் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளில் காய்ச்சல் வரும். காய்ச்சலின் முதல் நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்தாம் நாள் வரை வைரஸ் ரத்தத்தில் ஓடும். பி.சி.ஆர். அதைப் பிடிக்கும் காலம் அதுதான். அதே நாட்களில் வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 என்ற புரதமும் ரத்தத்தில் இருக்கும். பல கார்டுகள் தேடுவது இதைத்தான். நான்காம், ஐந்தாம் நாள் வாக்கில் உடம்பு ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்கும். அது தலை தூக்கும்போது வைரஸும் என்.எஸ்.1-உம் குறைந்துகொண்டே போகும்.

ஆக, ஏழாம் நாள் வந்த நோயாளிக்கு எவ்வளவு விலை உயர்ந்த பி.சி.ஆர். எடுத்தாலும் நெகட்டிவ் வரலாம். டெங்கு இல்லாததால் அல்ல, தேடிய பொருள் ரத்தத்தை விட்டுப் போய்விட்டதால். அன்றைக்கு ஐ.ஜி.எம். பார்க்கும் எலிசா என்ற ஆய்வக டெஸ்டுதான் சரியான பதிலைச் சொல்லும். முதல் நாள் ஐ.ஜி.எம். பார்த்து நெகட்டிவ் என்று வீட்டுக்கு அனுப்புவதும் இதே தவறுதான், திசை மட்டும் வேறு.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. டெங்குவில் நான்கு வகை வைரஸ்கள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராகப் பாதுகாப்பு நிலைக்கும். வேறு வகை வரலாம், வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடும். அப்படி இரண்டாம் முறை வரும்போது ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் பழைய ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள்கள் என்.எஸ்.1 புரதத்தைப் பற்றிக்கொண்டு மறைத்துவிடுகின்றன. கார்டின் கண்ணுக்கு அது தெரியாமல் போகிறது. ஐ.ஜி.எம்.-உம் இரண்டாம் முறையில் குறைவாகவே ஏறும். யாருக்கு ஆபத்து அதிகமோ அவரிடமே கார்டு தவறவிடும் வாய்ப்பு அதிகம் என்பதை நினைத்தால், 'நெகட்டிவ்' என்ற சொல்லை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றுகிறது.

பாசிட்டிவும் எப்போதும் முழு உண்மை இல்லை. ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் தங்கும். ஐப்பசியில் லேசாக வந்து போன டெங்குவின் தடம், தை மாதத்துக் காய்ச்சலில் பாசிட்டிவாகத் தெரியலாம். தை மாதக் காய்ச்சல் உண்மையில் உண்ணிக் காய்ச்சலாக இருந்தால்? ஸ்க்ரப் டைபஸ் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய் பாக்டீரியாவால் வருவது. புதர்க்காட்டு ஓரங்களில் வேலை செய்பவர்களுக்கும் ஆடுமாடு மேய்ப்பவர்களுக்கும் வரும். டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகும், ஆனால் விட்டுவிட்டால் உயிரைப் பறிக்கும். டெங்கு பாசிட்டிவ் என்ற கார்டு கையில் இருந்தால், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ இருக்கும் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் புண்ணை யாரும் தேட மாட்டார்கள். வைரஸுக்கு மருந்து இல்லையே, டெஸ்ட் தவறினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. தவறின் விலை இங்கேதான் இருக்கிறது: வேறு நோய்க்குக் கொடுத்திருக்க வேண்டிய மருந்தைக் கொடுக்காமல் விடுவதில்.

அரசின் டெங்கு கட்டுப்பாட்டுத் திட்டம் இதனால்தான் கார்டு முடிவை மட்டும் வைத்து ஒரு நோயாளியை 'உறுதி' என்று கணக்கில் எடுப்பதில்லை. 'சாத்தியம்' என்ற பட்டியலில்தான் வைக்கிறது. உறுதி செய்ய, முதல் ஐந்து நாளுக்கு என்.எஸ்.1 எலிசா, அதற்கு மேல் ஐ.ஜி.எம். எலிசா. இந்த ஐ.ஜி.எம். கிட்டை புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரித்துக் கண்காணிப்பு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. எலிசாவும் எதிர்ப்பொருளைக் கொண்டே வேலை செய்வதுதான். ஆனால் நிறமாற்றத்தைக் கண்ணால் பார்க்காமல் கருவியால் அளப்பதாலும், அலசிக் கழுவும் படிகள் இருப்பதாலும் கார்டைவிட நம்பகமானது.

அப்படியானால் எல்லோருக்கும் எலிசா எடுத்துவிடலாமே? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. எலிசா தட்டில் 96 குழிகள். நான்கு மாதிரிக்காக ஒரு தட்டைத் திறந்து கிட்டை வீணாக்க முடியாது. மாதிரிகள் சேர்ந்த பிறகு ஒன்றாகப் போடுவார்கள். வேலையே சில மணி நேரம் பிடிக்கும். தர்மபுரி டவுனில் இருப்பவருக்கு மறுநாள் தெரியும் முடிவு, வத்தல்மலையிலோ சித்தேரியிலோ பெட்டமுகிலாளத்திலோ இருப்பவருக்கு மூன்றாம் நாள்தான் போய்ச் சேரும் என்றால், அதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது, பிளேட்லெட் இறங்குவது, ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போவது எல்லாம் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் சூடு இறங்கும்போதே நடக்கும். ஆய்வக முடிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அந்த நேரம் கடந்து வந்தால் நோயாளிக்கு அது ஒரு காகிதம்தான்.

எனவே மலையூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரண்டாம் நாள் காய்ச்சலுக்கு, அரை மணியில் முடிவு தரும் என்.எஸ்.1 கார்டு பயனுள்ள கருவிதான் என்பது என் கருத்து. பாசிட்டிவ் வந்தால் அந்த நிமிடமே நோயாளியைக் கண்காணிப்பில் வைக்கலாம், அந்தத் தெருவில் தொட்டிகளைக் கவிழ்க்க ஆள் அனுப்பலாம், ரத்த மாதிரியை எலிசாவுக்கு அனுப்பலாம். நெகட்டிவ் வந்தால் மட்டும் 'ஒன்றுமில்லை' என்று சொல்லாமல், நாளைக்கு வாருங்கள், மறுபடி ரத்தம் பார்ப்போம் என்று சொல்ல வேண்டும். கார்டின் குறையை ஈடுகட்டுவது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஒரே கார்டு, இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப வேறு வேறாக நடந்துகொள்ளும். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நோய் உள்ள நூறு பேரில் 70 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாத நூறு பேரில் 98 பேரைச் சரியாக விலக்கும் ஒரு கார்டை வைத்துக்கொள்வோம். டெங்கு உச்சத்தில் இருக்கும்போது காய்ச்சலோடு 1,000 பேர் வருகிறார்கள், அதில் 300 பேருக்கு டெங்கு என்றால், கார்டு 210 பேரைப் பிடிக்கும். 90 பேரை விட்டுவிடும். நோய் இல்லாத 700 பேரில் 14 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்த 224 பேரில் 210 பேருக்கு உண்மையில் டெங்கு, அதாவது பாசிட்டிவை நம்பலாம். ஆனால் நெகட்டிவ் வந்த 776 பேரில் 90 பேர் நோயாளிகள். எட்டு ஒன்பது பேருக்கு ஒருவர்.

இதே கார்டைக் கோடையில், 1,000 பேரில் 10 பேருக்குத்தான் டெங்கு இருக்கும் காலத்தில் போட்டால் நிலைமை தலைகீழாகும். 7 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாத 990 பேரில் 20 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்த 27 பேரில் உண்மையான நோயாளிகள் 7 பேர்தான். கார்டு மாறவில்லை, லேப் மாறவில்லை. ஊரில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியது. அதனால் சீசனில் நெகட்டிவையும், சீசன் இல்லாதபோது பாசிட்டிவையும் சந்தேகிப்பது நல்லது.

கொரோனா காலத்தில் இதே பாடத்தை நாடே படித்தது. 2020 ஏப்ரலில், சீனாவிலிருந்து வந்த எதிர்ப்பொருள் கார்டுகளின் முடிவுகள் மாநிலத்துக்கு மாநிலம் தாறுமாறாக இருந்ததால் இரண்டு நிறுவனங்களின் கிட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அப்போது தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக, அதாவது தொற்று இல்லாத பகுதியாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. பெங்களூருவும் ஆந்திரமும் எல்லையில் இருக்க, அந்த நிலை நீடிக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜூன் மாதம் வைரஸ் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் கார்டுக்கு அனுமதி வந்தது. ஐ.சி.எம்.ஆர். தன் அறிவிப்பிலேயே சொன்ன கணக்கு: இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் 99.3 முதல் 100 சதவீதம். இருப்பவரைக் கண்டுபிடிப்பதில் 50.6 முதல் 84 சதவீதம். ஆகவே பாசிட்டிவ் என்றால் ஏற்றுக்கொள், அறிகுறி இருந்து நெகட்டிவ் என்றால் ஆர்.டி.பி.சி.ஆர். எடு என்பது விதி. டெல்லி கார்டுகளை ஏராளமாகப் பயன்படுத்தியது. தமிழ்நாடு கிட்டத்தட்ட முழுக்க ஆர்.டி.பி.சி.ஆரையே நம்பியது. நோயாளிகளைத் தவறவிடக் கூடாது என்ற நோக்கத்தில் அது நல்ல முடிவு. மாதிரிகள் குவிந்து முடிவு தாமதமான நாட்களில் அதற்கான விலையையும் கொடுத்தோம்.

பி.சி.ஆரின் இன்னொரு பக்கமும் அப்போது தெரிந்தது. குணமான பிறகும் வைரஸின் உடைந்த துண்டுகள் மூக்கிலும் தொண்டையிலும் வாரக்கணக்கில் கிடக்கும், பி.சி.ஆர். அதையும் பெருக்கிப் பாசிட்டிவ் என்றே சொல்லும். அவர் யாருக்கும் பரப்பும் நிலையில் இருக்க மாட்டார். 2020 மே மாதமே மத்திய சுகாதாரத் துறை, லேசான நோயாளிகளை மறுபடி டெஸ்ட் எடுக்காமல் பத்து நாளில் அனுப்பலாம் என்று விதியை மாற்றியது. ஓசூரில் ஒரு தொழிலாளியிடம் வேலைக்குத் திரும்ப நெகட்டிவ் ரிப்போர்ட் கேட்டால், தேவையில்லாமல் பல நாள் கூலி போகும் என்று அர்த்தம். பரப்பும் நிலையில் இருக்கிறாரா என்பதற்கு, வைரஸ் அதிகம் இருக்கும்போது மட்டும் கோடு காட்டும் ஆன்டிஜென் கார்டே நெருக்கமான பதில்.

கார்டு என்றாலே பலவீனம் என்ற எண்ணத்தை உடைக்க எச்.ஐ.வி. போதும். நம்பிக்கை மையங்கள் எனப்படும் அரசின் ஆலோசனை, பரிசோதனை மையங்களில் எச்.ஐ.வி.யை உறுதி செய்வதே விரைவு டெஸ்டுகளைக் கொண்டுதான். ஒன்றில் பாசிட்டிவ் வந்தால் வேறு தயாரிப்பு முறையில் செய்த இன்னும் இரண்டில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால் உறுதி. தொற்றிய சில வாரங்களுக்குப் பிறகு எதிர்ப்பொருள் ரத்தத்தில் நிறைய இருக்கும், ஆயுள் முழுக்க இருக்கும். அதனால் கார்டு தவறுவது மிக அரிது. ஆனால் எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையிடம் இதே கார்டு உதவாது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கலாம். அங்கே பி.சி.ஆர். வேண்டும். ஆறு வாரக் குழந்தையின் குதிகாலில் குத்தி, தனித் தாளில் சில பொட்டு ரத்தத்தை உலர வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஐஸ் பெட்டி வேண்டாம். மலைக்கும் ஆய்வகத்துக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு எளிதாகக் கடக்க முடியும் என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். ஹெபடைடிஸ் சி-யிலும் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன: கார்டு பாசிட்டிவ் என்றால் என்றைக்கோ தொற்றியிருக்கிறது என்று மட்டும் பொருள், இப்போதும் வைரஸ் இருக்கிறதா என்று மரபுப் பொருளைப் பார்த்தால்தான் தெரியும்.

கார்டுக்கும் பெரிய ஆய்வகத்துக்கும் நடுவில் இப்போது இன்னொரு வழி உண்டு. கோவாவில் தயாராகும் ட்ரூநாட், பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி, சிப்பில் பி.சி.ஆர். செய்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு தரும். காசநோய்க்காகப் பரவலானது, 2020-இல் கொரோனாவுக்கும் பயன்பட்டது. ஒரு நேரத்தில் ஒன்று முதல் நான்கு மாதிரிதான் போட முடியும், சிப் விலையும் கார்டைப்போல் மலிவில்லை. நூற்றுக்கணக்கில் காய்ச்சல் வரும் சீசனுக்கு இது போதாது. ஆனால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மாதிரியான இடங்களில், காசநோய்க்கு இருக்கும் கருவியில் தேவைப்படும்போது வைரஸ் சிப்பும் போட வழி செய்வது யோசிக்கத்தக்கது. வீடு தேடிப் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். டெஸ்டை ஆளிடம் கொண்டுபோகும் யோசனை இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், தொடங்கிய தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். லேபில் அதைச் சொல்லுங்கள், சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் என்.எஸ்.1-ஆ ஐ.ஜி.எம்.-ஆ, ரேபிடா எலிசாவா என்று அச்சாகியிருக்கும். டாக்டரிடம் காட்டும்போது அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கார்டை உங்கள் கண்ணெதிரே போட்டால், கிட்டில் சொன்ன நேரத்தில், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடத்துக்குள், பார்க்க வேண்டும். வெகுநேரம் கழித்துத் தெரியும் மங்கலான கோட்டை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. பெரும்பாலான கிட்டுகளை 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதால், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் கிடந்த பெட்டியைச் சந்தேகப்படுவதில் தவறில்லை. டெஸ்ட் என்ன சொன்னாலும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின், புரூஃபென் வகை வலி மாத்திரைகள் வேண்டாம். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் எது தெரிந்தாலும், சூடு இறங்கியிருந்தாலும், கையில் நெகட்டிவ் ரிப்போர்ட் இருந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.